ரோட்டிலிருந்து எண்ணினால்

ஐப்பசி 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. பிரிண்டருக்கு மை வாங்க வேண்டும். வடிவேலுக்குப் போட வேண்டிய கடை பிளான் இன்னும் பாக்கி.

பத்து மணிக்கு ஃபிசியோ பெண் வந்தாள். வேங்கிக்காலிலிருந்து ஸ்கூட்டியில், தொப்பலாக நனைந்து. இவருக்கு, என் வீட்டுக்காரருக்கு, வாதம் வந்து நான்கு மாதம் எட்டு நாள். இடது கை பாதிதான். இடது கால் நடக்கிறது, ஆனால் பாதத்தின் முன்பக்கம் எழும்புவதில்லை. விரல்கள் தரையைத் தேய்த்துக்கொண்டே வருகின்றன.

"பெரிய படின்னா ஏறிடுவாரு, அதப் பத்திக் கவல இல்லம்மா. சின்ன மேடுதான் டேஞ்சர். ரெண்டு இன்ச் இருந்தாப் போதும், தட்டி வுட்டுடும்" என்றாள்.

இவர் கேட்டார், "கடைக்குத் தனியா நடந்து போலாமா?"

"தினம் பழகுங்க சார். மாசக் கடைசியில போலாம்."

அவள் போனதும் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். கார்த்திகை பிறப்பதற்குள் தானே நடந்து போய்க் கடையைத் திறப்பாராம். முடியாவிட்டால் கடையை வடிவேலுக்கு வாடகைக்கு விட்டுவிட வேண்டுமாம். "அவன்தான் கேட்டுகினே கீறானே."

ஆட்டோ வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

"காலையில எறக்கி வுட்டு சாயங்காலம் ஏத்திகினு வர்றதுக்கு நான் இன்னா சரக்கு மூட்டையா?"

கோபம் வந்தால் பேச்சு தெளிவாக வருகிறது. குறித்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

கடை என்றால் எட்டடி அகலம். மாட வீதியில் சாமி படங்களுக்குக் கண்ணாடி போட்டு ஃபிரேம் மாட்டுகிற கடை. பத்தொன்பது வருஷம் ஆகிறது. அதை விட்டுக்கொடுத்துவிட்டால் இவர் இந்த ஜன்னலை விட்டு எழுந்திருக்க மாட்டார். எனக்குத் தெரியும். பயமாக இருக்கிறது.

இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊரில் கட்டடங்களுக்கு பிளான் போடுகிறேன். கட்டடத்துக்கு வெளியே ஒரு நாளும் அளந்ததில்லை. நாளை டேப் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

ஐப்பசி 4, செவ்வாய்

வெயில். புழுக்கம்.

வீட்டு வாசலிலிருந்து கடை வாசல் வரை என் நடையில் 480 எட்டு. அளந்தது:

சந்து - பரவாயில்லை. சாக்கடை மூடி ஒன்று ஆடுகிறது.
வாடகைப் பாத்திரக் கடை - மூன்று படி. கீழ்ப்படி ரோட்டில் புதைந்து 2½ அங்குலம் மட்டும் வெளியே.
மருந்துக் கடை - அதே. 2 அங்குலம்.
பூட்டியே கிடக்கும் லாட்ஜ் - ஐந்து படி. கீழ்ப்படி 1½.
டீக்கடை - படியே இல்லை. ஆனால் பெஞ்ச், கேஸ் சிலிண்டர், நாய்.
புது ஜவுளிக் கடை - 96 அடிக்கு ஒரே கண்ணாடி. சமதளம். கிரானைட்.
பிறகு வளையல், விபூதி, செருப்பு, வளையல், ஜெராக்ஸ். எல்லாம் மூன்று படி.
வடிவேலின் காலிமனை. இரண்டு கடை தள்ளி நம் கடை.

விஷயம் இதுதான். ரோடு போடப் போட ரோடு உயர்ந்தது. பழைய கீழ்ப்படிகள் புதைந்தன. இப்போது அவை படியும் இல்லை, தரையும் இல்லை. இவர் காலுக்கு அதைவிடப் பெரிய பொறி வேறு வேண்டாம். மொத்தம் பதினேழு. ஒவ்வொன்றுக்கும் ரோட்டில் இறங்கிச் சுற்ற வேண்டும். அந்தப் பக்கம் டூவீலர் உரசிக்கொண்டு போகிறது.

அந்தக் கீழ்ப்படி எதற்கு? இந்த ஊரில் படி ஏறும்போது எண்ணுவார்கள். லாபம், நஷ்டம், லாபம். லாபத்தில் முடிந்தால்தான் கடை. இரண்டு படி போதும் என்கிற உயரத்துக்கும் மூன்று வைப்பார்கள். அந்த மூன்றாவது கணக்குக்காக மட்டும் வைப்பது. முழுசாக ரோட்டில்தான் உட்கார்ந்திருக்கும்.

பதினேழில் ஒன்பது நான் போட்ட பிளான். பார்ட்டி கேட்காவிட்டாலும் நானே ஒற்றைப்படையில் போட்டுக் கொடுத்துவிடுவேன். அது ஒரு பழக்கம்.

நான் குனிந்து அளப்பதைப் பார்த்து மருந்துக் கடைக்காரர் இறங்கி வந்தார். "இன்னா மேடம், இடிக்கப் போறாங்களா?" இல்லை என்றேன். நம்பவில்லை. அரை மணி நேரத்தில் நான்கு கடைக்காரர்கள் போர்டை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். செருப்புக் கடைக்காரர் ஸ்டாண்டையே தூக்கிவிட்டார். என் டேப்புக்கு இவ்வளவு மரியாதை கிடைத்தது இன்றைக்குத்தான்.

ஐப்பசி 6, வியாழன்

முதல் நடை. நானும் கூட. காலை 7.10.

கையைப் பிடித்தால் உதறுகிறார். இரண்டு அடி பின்னால்தான் வர வேண்டும் என்று உத்தரவு.

பாத்திரக் கடைவரை சரி. கீழ்ப்படியைச் சுற்ற ரோட்டில் இறங்கினார். பால் வண்டிக்காரன் ஒருவன் ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தான். நின்றுவிட்டார். நெற்றியில் வியர்வை.

மருந்துக் கடை வந்ததும் அதே கீழ்ப்படிக்கு மேல் இருந்த படியில் உட்கார்ந்தார். கடை இன்னும் திறக்கவில்லை. ஐந்து நிமிஷம். எழுந்து, "போதும், வூட்டுக்குப் போலாம்" என்றார்.

160 எட்டு. மூன்றில் ஒரு பங்கு.

எனக்கு உறுத்தியது ஒன்று. முந்தாநாள் முழுக்க அந்தப் படிகளைத் திட்டினேன். இன்று அவர் உட்கார வேறு இடம் இல்லை.

ரேஷன் - துவரம் பருப்பு வந்திருக்கிறதாம்.

ஐப்பசி 8, சனி

ஜவுளிக் கடைவரை வந்தோம். 250 எட்டு. அதற்கு மேல் மாட்டேன் என்றுவிட்டார்.

நான் கணக்குப் போட்டிருந்தது அங்கேதான் சுலபம் என்று. புதைந்த படி கிடையாது, சமதளம், அகலம். கேட்டேன்.

"சமமாத்தான் கீது. ஆனா அங்கதான் எனக்கு பயமா கீது."

"வழுக்குதா?"

"அது கொஞ்சம். புடிச்சிக்க ஒண்ணும் இல்ல. உக்கார எடம் இல்ல. வுழுந்தா ஓடியார ஆளும் இல்ல, வெறும் கண்ணாடி."

வீட்டுக்கு வந்து யோசித்தேன். பழைய வரிசையில் எட்டடிக்கு, பன்னிரண்டு அடிக்கு ஒரு கடை. அதாவது பத்து எட்டு வைப்பதற்குள் மூன்று பேர் பார்த்துவிடுகிறார்கள். "அண்ணே, எப்டி கீறீங்க", "பாத்து, பாத்து", "டீ சாப்டுங்க". எரிச்சலாகக்கூட இருக்கும். ஜவுளிக் கடையில் 96 அடிக்கு ஒரு கதவு, ஒரு வாட்ச்மேன். கண்ணாடிக்குக் கீழே இருக்கிற மேடையில் யாரும் உட்காராமல் இருக்க வரிசையாகக் கம்பி நட்டிருக்கிறார்கள். அங்கே எல்லோருமே வேகமாக நடக்கிறார்கள், நானும்தான்.

அந்த பிளான் நான் போட்டதில்லை. சென்னைக்காரர்கள். கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் போட்டிருப்பேன்.

ஐப்பசி 10, திங்கள்

வடிவேல் வந்தார். கீழ்பென்னாத்தூர்க்காரர். மல்லாட்டை (வேர்க்கடலை) மண்டியில் சம்பாதித்தது. காலிமனையில் கீழே ஸ்வீட் கடை, மேலே ரூம். அஞ்சு படி வேண்டுமாம்.

"உயரம் மூணடிகூட இல்லீங்க. படிய உள்ள தள்ளிப் போட்டுக் குடுக்கறேன். வெளிய ஒண்ணும் நீட்டாது" என்றேன்.

"உள்ள தள்ளுனா கடையில எடம் கம்மியாயிடும் மேடம்."

"வெளிய தள்ளுனா நடக்கறவங்களுக்கு எடம் கம்மியாயிடுது."

"நடக்கறவன் எப்டியும் சுத்தினு போவான். அவனுக்கு இன்னா?" என்று சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை. இவருக்கு வாதம் வந்த அன்று தன் வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். போகும்போது கேட்டார், "அண்ணன் கடைய பத்தி எதுனா முடிவு பண்ணீங்களா? ஒண்ணும் அவசரம் இல்ல. சும்மா கேட்டேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இரண்டுக்கும் சேர்த்து.

ஐப்பசி 13, வியாழன். பௌர்ணமி

மதியமே ஊர் நிரம்பிவிட்டது. அன்னாபிஷேகம் வேறு. வண்டிகளை வெளியிலேயே திருப்பி விட்டிருந்தார்கள். மாட வீதி முழுக்கத் தலைகள். எல்லாம் ஒரே திசையில்.

மூன்று மணிக்கு இவர் சட்டை மாற்றிக்கொண்டு நின்றார். "இன்னிக்குப் போலாம். வண்டியே கெடையாது. நடு ரோட்டுல நடக்கலாம்."

கூட்டம் இடிக்கும் என்றேன். கேட்கவில்லை.

ஆச்சரியம். கூட்டம் இடிக்கவில்லை. கிரிவலம் வந்தவர்களில் பாதிப் பேர் செருப்பில்லாமல், கால் வலித்து, மெதுவாகத்தான் நடந்தார்கள். இவர் வேகமும் அவர்கள் வேகமும் ஒன்றுதான். படியைச் சுற்ற வேண்டாம், பக்கத்திலேயே போக வேண்டாம். ஜவுளிக் கடையைத் தாண்டியதே தெரியவில்லை. எங்கிருந்தோ வந்த, தெலுங்கு பேசுகிற ஒரு அம்மாள் இவர் காலைப் பார்த்துவிட்டுத் தன் கூட்டத்தையே ஓரமாக ஒதுக்கினார். கடைப்படிகள் எல்லாவற்றிலும் ஆட்கள் உட்கார்ந்து கால் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

480. முழு தூரம். இருபத்தெட்டு நிமிஷம். நான்கு மாதத்துக்குப் பிறகு கடை முன்னால். திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அடுத்த எட்டில் விழுந்தார்.

நம் கடையின் கீழ்ப்படி. 2 அங்குலம். நான் அதை அளக்கவே இல்லை. பதினெட்டாவது.

பத்துப் பேர் தூக்கினார்கள். வலது உள்ளங்கை தோல் உரிந்தது, முட்டியில் ரத்தம். எலும்புக்கு ஒன்றும் இல்லை. ஆட்டோவுக்கு வழி இல்லை. வடிவேல்தான் நாற்காலி கொண்டுவந்து, இன்னொருவரோடு சேர்ந்து தூக்கி வந்து வீட்டில் விட்டார்.

இவர் ஒன்றே ஒன்று சொன்னார். "ஊரான் படி எதுலயும் வுழல. நம்ம படியிலதான் வுழுந்தேன்."

ஐப்பசி 14, வெள்ளி

இவர் சாப்பாடு பாதி.

சாயங்காலம்: "வடிவேலுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிடு."

பண்ணவில்லை. லைன் பிஸி என்று பொய் சொன்னேன்.

கடை கட்டும்போது மேஸ்திரி இரண்டு படிதான் வைத்தார். இரண்டில் நிற்கிறதே, நஷ்டம் என்று நான்தான் சொன்னேன். மறுநாள் ஒரு சட்டி கலவையும் பத்து செங்கல்லும் வைத்து மூன்றாவதைக் கட்டினார்கள். நன்றாக நினைவிருக்கிறது. தண்ணீர் ஊற்றியதும் நான்தான்.

ஐப்பசி 17, திங்கள்

கோவிந்தன் மேஸ்திரியை வரச் சொன்னேன். என் பிளான்களில் பாதியைக் கட்டியவர் அவர்தான். கீழ்ப்படியை இடித்து எடுக்க வேண்டும், பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு இரும்பு பைப் நட வேண்டும் என்றேன். அதை எடுத்துவிட்டால் அடுத்த படி எட்டு அங்குலம் வரும். இவருக்கு அது பிரச்சினை இல்லை, ஏறிவிடுவார்.

உள்ளறையிலிருந்து இவர் குரல். "எடுத்தா ரெண்டுதானே நிக்கும்? கடையத் திறக்கறதுக்கு முன்னாடியே நஷ்டத்துல நிறுத்தறியா?"

ஊருக்கெல்லாம் நான் சொல்லிக்கொடுத்த கணக்கு.

மேஸ்திரி வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு சொன்னார். "அண்ணே, நீங்க மொதப் படியிலருந்து எண்றீங்க. எங்கப்பா ரோட்டுலருந்து எண்ணுவாரு. கால் எங்க நிக்குதோ அங்கருந்துதானே எண்ணணும்? ரோடு லாபம், மொதப் படி நஷ்டம், ரெண்டாவது லாபம். அப்றம் கடை."

"அப்டீன்னா இத்தினி நாளா ஏன்யா மூணு கட்டுனே?" கத்திவிட்டேன்.

"நீங்க பிளான்ல மூணு போட்டுக் குடுத்தீங்க. கட்டுனேன். என்ன யாரு கேட்டாங்க?"

இவர் சிரிக்கிற சத்தம் உள்ளேயிருந்து வந்தது. நான்கு நாளுக்குப் பிறகு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்திரண்டு வருஷம். ரோட்டை யாரும் எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஐப்பசி 18, செவ்வாய்

கீழ்ப்படி போயிற்று. இருபது நிமிஷ வேலை. இரண்டு சட்டி ரப்பிஷ். பைப் வலது பக்கம், 2 அடி 9 அங்குலம்.

கலவை மிச்சம் இருந்தது. மருந்துக் கடைக்காரரிடம் கேட்டு அவர் கீழ்ப்படி விளிம்பையும் சரிவாகப் பூசச் சொன்னேன். "இடிக்கறதுக்கில்லயே?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டு ஒப்புக்கொண்டார். பாத்திரக் கடைக்காரர், "எங்க அப்பா வெச்ச படி, கை வெக்காதீங்க" என்றுவிட்டார். சரி, சுற்றிக்கொள்ளலாம்.

ஐப்பசி 20, வியாழன்

வடிவேலிடம் ரோட்டுக் கணக்கைச் சொன்னேன். ரோட்டை ஒன்று என்று வைத்து, நாலு படி, அதுவும் உள்ளே தள்ளி. படிக்குப் பக்கத்தில் ஒன்றரை அடி உயரத்தில் ஒரு மேடை, உட்கார.

"ரோட்ட எண்றதா? ரோடு இன்னா என்னுதா மேடம்? மேடை வேற போட்டா எவனாவது வந்து உக்காந்துனே இருப்பான்."

"உக்காந்தவன்தான் ஸ்வீட் வாங்குவான்."

கொஞ்ச நேரம் பிளானைப் பார்த்தார். பிறகு அதைச் சுருட்டி என்னிடமே கொடுத்தார். வேலூரில் ஒருவர் இருக்கிறாராம், கேட்டபடி போட்டுத் தருவாராம். மரியாதையாகத்தான் சொன்னார்.

போகட்டும். வருத்தம் இல்லை என்று எழுத வந்தேன், இருக்கிறது.

ஐப்பசி 25, செவ்வாய்

நேற்றும் இன்றும் ஜவுளிக் கடைவரை, நான் கூட வந்து. காயம் ஆறிவிட்டது. ஜவுளிக் கடையை இன்னும் தாண்டவில்லை.

வெள்ளிக்கிழமை போகிறாராம். தனியாக. பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் ஷட்டர் திறக்க வேண்டும். நான் பின்னாலேயே வரக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். திறக்க முடியாவிட்டால் அன்றைக்கே வடிவேலுக்குச் சாவி.

ஐப்பசி 28, வெள்ளி

மழை இல்லை. ரோடு காய்ந்திருந்தது.

9.15க்குக் கிளம்பினார். வலது கையில் குச்சி, சட்டைப் பையில் சாவி. குங்குமம் வைத்துவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு வீட்டு பிளானைத் திறந்து உட்கார்ந்தேன். ஒரே சுவரை மூன்று தடவை வரைந்து அழித்தேன். 10.00. ஃபோன் இல்லை. 10.05க்குச் செருப்பை மாட்டிவிட்டேன். பின்னாலேயே வரக் கூடாது என்றுதான் சத்தியம். ஐம்பது நிமிஷம் கழித்து வரக் கூடாது என்று சொல்லவில்லை.

பாத்திரக் கடை: "அப்பவே போய்ட்டாரே."

மருந்துக் கடை: "இங்க உக்காந்தாரு மேடம், பத்து நிமிஷம். தண்ணி குடிச்சாரு. போறாரு பாத்துகினு இருந்தேன், லாட்ஜ் தாண்டிட்டாரு."

டீக்கடை: "நாய கட்டிப் போடச் சொல்லி என்ன திட்டிட்டுப் போறாரு." நிம்மதி.

ஜவுளிக் கடை. கேட்க ஆள் இல்லை. வாட்ச்மேன், "தெரியலம்மா, எத்தினியோ பேர் போறாங்க" என்றான். கண்ணாடியில் என் முகம் மட்டும் ஓடி வந்தது. 96 அடியையும் ஓடினேன், இந்த வயசில்.

10.14. எதிர்ப்பக்க வளையல் கடை வாசலில் நின்றுகொண்டேன். இவர் நம் கடை முன்னால் நின்றார். வேட்டியில் அழுக்கு இல்லை, விழவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நான் நிற்பது தெரியாது.

குச்சியால் ரோட்டை ஒரு தட்டு. முதல் படியில் ஒரு தட்டு. இரண்டாம் படியில் ஒரு தட்டு. உதடு அசைந்தது. வண்டிச் சத்தத்தில் கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. குச்சியை முழங்கையில் மாட்டிக்கொண்டு பைப்பைப் பிடித்து ஏறினார். ஏறிவிட்டார்.

குனிந்து பூட்டைத் திறந்தார். ஷட்டர் ஒரு கையால் அசையவில்லை. இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். 10.19. என் கால் தானாக ரோட்டில் இறங்கிவிட்டது. அதற்குள் தன் மனையில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்த வடிவேல் ஓடி வந்து, இரண்டு கையாலும் ஷட்டரை மேலே தள்ளினார். ஐந்து மாதத் தூசி இரண்டு பேர் தலையிலும்.

சாவி இவர் பையிலேயே போயிற்று. வடிவேல் கேட்கவும் இல்லை.

நான் கூப்பிடவில்லை. திரும்பிவிட்டேன். ஜவுளிக் கடையைத் தாண்டும்வரை உட்கார இடம் இல்லை. மருந்துக் கடைப் படியில் போய் உட்கார்ந்தேன், ரொம்ப நேரம். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை.